படத்தில் மிஞ்சிய கை

மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த அந்தப் புதுப் படத்தை இன்று காலையும் ஜீவன் ஏறிட்டுப் பார்க்கவில்லை. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே வெளியே போனான்.

ஊருக்கு வந்ததிலிருந்து இதே கதைதான். ஜப்பானில், நாகானோ மலைப்பக்கத்து முதியோர் இல்லமொன்றில் நான்கு வருடம் வேலை பார்த்தவன். "இந்தத் தடவை வீட்டில் சொல்லிவிடுகிறேன்" என்று, அங்கே கூட வேலை பார்க்கும் ஷுன்சுகேயின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் விமானம் ஏறினான். இலங்கை மலைநாட்டு ஹாலிஎலயில் இறங்கி, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு ஏறி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றியபோதுதான் அந்தப் படம் கண்ணில் பட்டது. சொல்ல வந்த வார்த்தை வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

படத்தில் அவனும் ஒரு ஜப்பானியப் பெண்ணும், கோடைத் திருவிழாவுக்கு உடுத்தும் பருத்தி அங்கியில் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பெண் மிசாக்கி. ஷுன்சுகேயின் தங்கை. வாட்சப்பில் அவன் எப்போதோ அனுப்பிய படம் அது. அதைப் பார்த்த அன்றே, மகன் மனதில் இருப்பவள் இவள்தான் என்று அம்மா விஜயலெட்சுமி தீர்மானித்துவிட்டாள்.

தீர்மானித்ததோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. அப்புத்தளைக்கு பஸ் ஏறிப் போய், தன் அண்ணன் தம்பையாவின் வீட்டில் உட்கார்ந்து, "சுதர்ஷினிய எம்மகனுக்காகக் காக்க வைக்காதண்ணே" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். சுதர்ஷினி பிறந்தபோதே, இவள் ஜீவனுக்கு என்று பேசி வைத்த பெண். அண்ணன் தங்கை உறவையே பணயம் வைத்த காரியம் அது. தம்பையா அன்றைக்கு ஒரு வார்த்தைதான் சொன்னாராம்.

"மருமகன் ஊருக்கு வரட்டும். அவன் வாயாலயே கேட்டுட்டு வெத்தல மாத்திக்கிறேன்."

அது அவர்கள் வகையறாவின் வழக்கம். முறைப்பெண்ணை வேண்டாம் என்று சொல்கிறவன், தாய்மாமன் முன்னால் உட்கார்ந்து, தான் கட்டப் போகிறவளின் பேரைச் சொல்ல வேண்டும். மாமன் அதைக் கேட்டு, வெற்றிலையை அவன் கையில் கொடுத்தால்தான் உரிமை விட்டதாகக் கணக்கு. அதன் பிறகுதான் அந்தப் பெண்ணை வேறிடத்தில் கொடுக்கலாம்.

அந்த வெற்றிலை மாற்ற, இன்றைக்கு மதியம் மாமா வருகிறார்.

மலைத்தண்ணீர் விழும் பீலிக்கரையில் அக்கா சுபாஜினி குடத்தை வைத்துவிட்டு நின்றாள். தம்பியைப் பார்க்கவென்று மொனராகலையிலிருந்து வந்திருந்தாள். நேற்று மாலை, மலைக்குப் போகும் குறுக்குப் பாதையில் வைத்து அவளிடம் மட்டும் ஜீவன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். அவளுக்கு அழுத கண் இன்னும் வீங்கியே இருந்தது.

"யோசிச்சியா தம்பி?"

"என்னாத்த?"

"அந்தப் பொண்ணு ஃபோன்ல வந்து ஒரு வணக்கம் சொன்னா போதும்டா. மாமா வெத்தலையக் குடுத்துட்டுப் போயிருவாரு. நீயும் பிளேன் ஏறிருவ. கொஞ்ச நாள் போனதும் ஒத்து வரலன்னு சொல்லிக்கலாம். ஊர்ல நடக்காததா?"

"பொய் சொல்லச் சொல்றியாக்கா?"

"ஆமா, இத்தன வருசமா நீ உண்மையத்தான் அள்ளி அள்ளிக் கொட்டுனியாக்கும்!" வெடுக்கென்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக் காம்பராப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அப்பாவுக்கு பிரஷர். கோயில் கமிட்டில அவருதான் தலைவரு. இந்த நாட்டுச் சட்டத்துலயே இது குத்தமாமே, தெரியுமா? எங்க ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சா என்னைய வாசப்படி ஏத்த மாட்டாரு."

 பக்கத்து காம்பரா இராக்கம்மா வீட்டு ரேடியோவில் யாரோ ராசிபலன் சொல்லிக்கொண்டிருந்தார். சுவரோடு சுவர் ஒட்டிய பத்துக் காம்பரா வீடுகள் கொண்ட லயம் அது. முதல் காம்பராவில் தும்மினால் பத்தாவது காம்பராவில் "நூறு" என்பார்கள். இங்கே எதை, எப்படி, யாருக்கும் கேட்காமல் சொல்வது?

"எனக்கு அந்தாளப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்றாள் சுபாஜினி, குடத்தை இடுப்பில் ஏற்றியபடி. "ஒன்னையத் தெரியும். நீ அடிபட்டு நிக்கிறத நான் பாக்கணுமா?"

---

சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஏறிப் போய் ஜீவன் அழைத்தான். ஷுன்சுகே உடனே எடுத்தான். இல்லத்து வேனைக் கழுவிக்கொண்டிருந்தான் போலும். முகத்தில் நீர்த்துளி.

"அம்மா... சாப்பிட்டீங்களா?" என்றான் தமிழில், பரீட்சைக்குப் போகும் பிள்ளை போல. "சரியா?"

ஜீவன் சொல்லிக் கொடுத்த ஒரே தமிழ் வாக்கியம் அது. எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குள் நுழைய இது போதும் என்று சொல்லியிருந்தான்.

"சரி. 'சா'வை மட்டும் அவ்வளவு இழுக்காதே."

சிரிக்க முயன்றார்கள், இருவராலும் முடியவில்லை. ஜப்பானிய மொழியில் ஜீவன் எல்லாவற்றையும் சொன்னான். வெற்றிலை, மாமா, அக்காவின் யோசனை. கேட்டு முடித்ததும் ஷுன்சுகே துணியை எடுத்து வேன் சக்கரத்தைத் துடைத்தான்.

ஷுன்சுகே தன்னைப் பற்றித் தன் அம்மாவிடம் சொல்லி இரண்டு வருடமாகிறது. அந்த அம்மா ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தாராம். "அப்படியா" என்றாராம். தோல் அறுபடாமல் முழுசாகச் சீவி முடித்து, துண்டு போட்டுத் தட்டில் வைத்து, "சாப்பிடு" என்றாராம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. அங்கே யாரும் சத்தம் போடுவதில்லை, கதவை அறைவதில்லை, வெளியே போ என்பதில்லை. ஆனால் புத்தாண்டுக்குச் சொந்தக்காரர்கள் கூடிக் குடும்பப் படம் எடுக்கும்போது, "நீதான் நன்றாக எடுப்பாய்" என்று கமெராவை அவன் கையில் கொடுத்துவிடுவார்கள். அவனுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று யாராவது கேட்டால், "வேலை அதிகம்" என்று அம்மாவே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்.

"மிசாக்கியிடம் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல மாட்டாள்" என்றான் ஷுன்சுகே மெதுவாக. "அவள் பேசட்டும். நான் ஃபோனைப் பிடித்துக்கொள்கிறேன். எனக்குப் பழக்கம்தானே?"

கோபமாகச் சொல்லியிருந்தால் ஜீவன் தாங்கியிருப்பான். அவன் ஏதோ சாமான் தூக்க உதவுகிறவன் மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

கீழே லயத்துக் கூரைகளின் மேல் புகை படிந்திருந்தது. அதில் ஒரு கூரைக்குக் கீழே, பக்கத்தில் நின்ற ஷுன்சுகேயை வெட்டி எறிந்துவிட்ட படமொன்று பொன்னிறச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அங்கேயும் படத்துக்கு வெளியே. இங்கேயும் படத்துக்கு வெளியே.

"மிசாக்கி வேண்டாம்" என்றான் ஜீவன். "மாமா வருவதற்கு முன்னால் நான் அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் நீ கூப்பிடு. நீதான் கூப்பிட வேண்டும்."

"உன் அம்மா எடுத்தால்?"

"அந்த வாக்கியம் இருக்கிறதே."

"அதற்குப் பிறகு?"



---

அடுப்படியில் விஜயலெட்சுமி வடை தட்டிக்கொண்டிருந்தாள். எண்ணெய்ச் சட்டி சீறியது. மகனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வா சாமி, உப்பு சரியான்னு பாரு. ஒங்க மாமனுக்கு உப்பு கொறஞ்சா அதையே ஒரு வருசத்துக்குச் சொல்லிக் காட்டுவாரு."

ஜீவன் பலகைக்கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அம்மா, அந்தப் படத்தப் பத்தி..."

"நல்லா வந்திருக்கில்ல?" அவள் முந்திக்கொண்டாள். "பதுளையில நம்ம பஸீல் தம்பி ஸ்டூடியோவுலதான் போட்டேன். ஒனக்கு அந்தப் பக்கம் பொண்ணோட அண்ணன் நின்னாருல்ல? 'அவரும் நல்லாத்தானே சிரிக்கிறாரு, இருந்துட்டுப் போகட்டுமே அக்கா'ன்னாரு பஸீல். 'மச்சானுக்கெல்லாம் எங்க சொவத்துல எடமில்ல, வெட்டுங்க தம்பி'ன்னுட்டேன்."

ஜீவன் வடையொன்றை எடுத்துப் பிட்டான்.

"ஒரே ஒரு கொறதான். ஒந்தோள்ல அவரு கை போட்டிருக்காருல்ல, அதை மட்டும் எடுக்க முடியாதாம். எடுக்கணும்னா ஒந்தோளையும் சேத்து வெட்டணுமாம். 'அது கெடக்கட்டும், எம்பிள்ள தோள வெட்டாதீங்க'ன்னு சொல்லிட்டேன்."

வடையைத் திருப்பிப் போட்டாள். பிறகு சட்டியைப் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாள்.

"ஊரு ஆயிரம் பேசுது ஜீவா. வேற நாட்டுக்காரியாம், வேற சாமியாம், மீனப் பச்சையாத் தின்னுவாளாம். பேசட்டுமே. எம்மகன் அங்க தனியாக் கெடந்து நாலு வருசம் மாரடிச்சான். ஒரு ஆளு அவனப் பாத்துக்கிச்சுன்னா, அது எந்த ஊரா இருந்தா எனக்கென்ன?"

இதைவிட நல்ல நேரம் இனி வாய்க்காது. ஜீவன் அவள் முழங்கையைத் தொட்டான்.

"அம்மா, என்னைய அங்க பாத்துக்குறது அந்தப் பொண்ணு இல்ல."

விஜயலெட்சுமி திரும்பினாள். "என்னா சொல்ற?"

வாசலில் த்ரீவீல் ஹோர்ன் இரண்டு முறை அலறியது. "அண்ணே வந்திருச்சு!" என்று அவள் கரண்டியை அவன் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

---

தம்பையா வாட்டசாட்டமான மனிதர். அப்புத்தளையில் மரக்கறி லொறி ஓட்டுகிறவர். சந்தையில் பேசிப் பழகிய குரலுக்கு லயத்துச் சுவர் எம்மாத்திரம்?

"என்னா மருமகனே, ஜப்பான்ல சோறு கெடைக்கலியா? மூங்கிக் குச்சி மாதிரி வந்து நிக்கிற!"

"சாப்பிடுறதே மூங்கிக் குச்சியாலதான் மச்சான்" என்றார் அப்பா பொன்னையா. எல்லோரும் சிரித்தார்கள். சாப்பாடு முடியும்வரை சிரிப்புக்குக் குறைவில்லை. வடையில் உப்பு சரியாக இருந்தது. ஆனாலும் மாமா சிரித்தபோதெல்லாம் கண் சிரிக்கவில்லை என்பதை ஜீவன் கவனித்தான். மகளை வேண்டாம் என்று சொல்வதைக் கேட்டுப் போக வந்திருக்கும் தகப்பன் அவர்.

பாய் விரித்து வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்தார்கள். தம்பையா சம்மணமிட்டு உட்கார்ந்தார். கையில் வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். குரல் இறங்கியது.

"எம்மகளுக்கு ஒரு கொறையும் இல்ல. டீச்சர் வேல. கேட்டு வர்ற எடத்தையெல்லாம் 'முறை இருக்கு'ன்னு தட்டிவிட்டவன் நான். அது போகட்டும். மனசுல இன்னொருத்தி இருக்கையில எம்மகளத் தள்ளிவிட்டா, ரெண்டு பேருக்கும் நரகந்தான். அதனால நான் கோவிக்கல." நிமிர்ந்தார். "சொல்லு மருமகனே. ஒங்க அம்மா சொன்னா போதாது. நீ சொல்லு. நீ கட்டப் போறது யார?"

ஜீவன் பாயின் ஓரத்தை விரலால் நெருடினான். சுபாஜினி கதவோரத்தில் நின்று, 'சொல்லிரு, அந்தப் பேரச் சொல்லிரு' என்று கண்ணாலேயே மன்றாடினாள். மூன்றெழுத்தோ நாலெழுத்தோ, ஒரு பேர். சொன்னால் வெற்றிலை கைக்கு வந்துவிடும்.

தம்பையா அவன் தடுமாறுவதைப் பார்த்து, கொஞ்சம் இளகி, சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"இந்தப் புள்ளதானே? லெட்சணமாத்தான் இருக்கு." எழுந்து கிட்டப் போனார். கண்ணைச் சுருக்கினார். "அது சரி, இது யாரு கை?"

"எங்கண்ணே?" என்றாள் விஜயலெட்சுமி.

"இந்தா, தோள்ல. கை மட்டும் இருக்கு, ஆளக் காணோம். பேய் புடிச்ச மாதிரில்ல இருக்கு!"

"அதுவா? அது பொண்ணோட..."

"மாமா" என்றான் ஜீவன்.

அவனுடைய குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. ஆனால் நடுங்கவில்லை.

"அந்தப் பொண்ணு எனக்குத் தங்கச்சி மாதிரி. நான் சேந்து வாழப் போறது அந்தக் கைக்குச் சொந்தமான ஆளோட. அவரு பேரு ஷுன்சுகே. எனக்குப் பொண்ணுங்க மேல அந்த மாதிரி நெனப்பு ஒரு நாளும் வந்ததில்ல. சின்ன வயசுலயும் வரல, இப்பவும் வரல. சுதர்ஷினிய நான் வேணாங்குறதுக்கு அதுதான் காரணம். அதுகிட்ட எந்தக் கொறையும் இல்ல."

பக்கத்து காம்பராவில் ரேடியோ நின்றது.

யாரோ சுவிட்சைத் திருகிய 'டக்' சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. பொன்னையா எழுந்தார். மகனை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து சுபாஜினி குறுக்கே பாய்ந்தாள். அவர் அவளைத் தாண்டிப் போய் வாசல் கதவைச் சாத்தினார். பட்டப்பகலில் அந்த வீட்டுக் கதவு சாத்தப்படுவது, சாவு வீட்டுக்குப் போகும்போது மட்டும்தான்.

"இப்ப சொன்னத சொல்லலன்னு சொல்லு" என்றார். கெஞ்சுகிறாரா அதட்டுகிறாரா என்று தெரியவில்லை.

"சொல்லிட்டேன்ப்பா."

"சொல்லலன்னு சொல்லுடா!"

ஜீவன் தலையை மட்டும் அசைத்தான். இல்லை என்று.

தம்பையா கையிலிருந்த வெற்றிலையைப் பார்த்தார். அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கிள்ளிய வெற்றிலை.

"முழுப் பூசணிக்காயச் சோத்துக்குள்ள மறைச்சு வெச்சிருக்க" என்றார் கடைசியில். சந்தைக் குரல் எங்கோ போயிருந்தது. "நான் இப்ப எப்பிடி வெத்தல மாத்துவேன்? யாருக்காக உரிமைய விட்டுக் குடுத்தேன்னு சொல்லுவேன்? எந்தப் பேரச் சொல்லுவேன்?"

வெற்றிலையைத் தட்டில் திரும்ப வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இத நான் மாத்தல. மாத்தாத வரைக்கும் எம்மக ஒனக்குக் கட்டுப்பட்டவ. நாளைக்கு நீ அப்புத்தளைக்கு வா. எனக்குச் சொன்னத அவ மொகத்தப் பாத்து அவளுக்குச் சொல்லு. அந்த வாய் எனக்கில்ல."

"அண்ணே, சாப்பிட்ட வாய்க்குத் தண்ணிகூடக் குடிக்காமப் போறியே" என்று விஜயலெட்சுமி சொன்னாள். ஜீவன் உண்மையைச் சொன்ன பிறகு அவளிடமிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். யாரையும் பார்க்காமல், படத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

தம்பையா கதவில் கை வைத்தபோது, வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த ஜீவனின் ஃபோன் அலறத் தொடங்கியது.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள். வீடியோ அழைப்பு. திரை முழுக்க ஒரு படம் ஒளிர்ந்தது. சுவரில் தொங்கும் அதே படம், வெட்டாத படம். மூன்று பேர். வலப்பக்கம் மிசாக்கி, நடுவில் ஜீவன், அவன் தோளில் கை போட்டபடி, பல் தெரியச் சிரிக்கும் ஒல்லியான ஒருவன்.

"அத அமத்து" என்றார் பொன்னையா.

ஜீவன் கையை நீட்டினான். அதற்கு முன்பே விஜயலெட்சுமி குனிந்து ஃபோனை எடுத்துவிட்டாள். சேலை முந்தானையால் திரையைத் துடைத்தாள். சுவரை ஒரு முறை, திரையை ஒரு முறை பார்த்தாள்.

"லெட்சுமி, அமத்துன்னு சொன்னேன்!"

 அவள் அலறும் ஃபோனோடு அடுப்படிக்குள் போனாள். உள்ளேயிருந்து கதவுக் கொண்டி விழுந்தது. அழைப்பு மணி பாதியில் நின்றது.

துண்டித்துவிட்டாளா? எடுத்துவிட்டாளா?

மாமா கதவில் வைத்த கையை எடுக்கவில்லை. சுபாஜினி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.  தும்மலைக்கூட ஒளிக்காத அந்தச் சுவருக்குப் பின்னால், முதல் முறையாக ஒரு சத்தமும் இல்லை.

பிறகு கேட்டது. தூரத்துக் குரல். 'சா'வை இழுத்து, பரீட்சைக்குப் போகும் பிள்ளை போல.

"அம்மா... சாப்பிட்டீங்களா?"

அவள் என்ன பதில் சொல்லப் போகிறாள் என்று ஜீவன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். அவனோடு சேர்ந்து, பத்துக் காம்பராவும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது.